"ஆர்வத்துல எழுதுறோம், கணக்கு எதுக்கு?" – நண்பர்கள் சேர்ந்து நடத்தும் கூடைப்பந்து தளத்துக்கு ஒரு ஆடிட்டரின் கணக்கு



வழக்கமா இங்கே எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னுதான் பேசுவோம். இந்த வாரம் டாபிக் கொஞ்சம் வேற. ஆனால் கடைசியில் இதுவும் கணக்குதான்.

சமீபத்தில் ராஜபாளையம் அய்யனார் கோவில் போயிருந்தேன். ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பும்போது ஐந்து பேர் வந்து பேசினார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பசங்க. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகக் கூடைப்பந்து ஆடியவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில், சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலை. விட்டுப் போகக் கூடாதே என்று தமிழில் ஒரு கூடைப்பந்து ரசிகர் தளம் ஆரம்பித்து ரெண்டு வருஷமாக நடத்துகிறார்கள்.

"அண்ணே, ஆரம்பத்துல வாரத்துக்கு பத்து கட்டுரை போட்டோம். இப்ப மாசத்துக்கு ரெண்டு போட்டாலே பெருசு. புதுசா எழுத வர்றவங்களும் ஒரு மாசத்துல காணாமப் போயிடுறாங்க. என்ன பண்ணலாம்?" என்று ஒருத்தர் கேட்டார்.

பக்கத்தில் இருந்தவர், "விளம்பரத்துல கொஞ்சம் காசு வர ஆரம்பிச்சிருக்குண்ணே. அதை யாருக்குக் கொடுக்கிறது?" என்றார். கேட்டதும் மற்ற நாலு பேரும் கொஞ்சம் அமைதியாகிவிட்டார்கள்.

இது ரெண்டும் தனித்தனிக் கேள்வி மாதிரி தெரியும். உண்மையில் ஒரே கேள்விதான்: சம்பளம் இல்லாமல் கொடுக்கப்படும் உழைப்பை யார், எப்படி மதிக்கிறார்கள்? இதற்குப் பதில் இல்லாத தளம் ஒருநாள் நின்று போகும். அதோடு போனால் பரவாயில்லை, சில நேரம் நட்பும் போய்விடும்.

இதே பாதையில் நமக்கு முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

கிரிக்இன்ஃபோ: ரசிகர்கள் கட்டிய வீடு

இன்று நாம் ஸ்கோர் பார்க்கும் கிரிக்இன்ஃபோ ஒரு பெரிய கம்பெனி யோசித்து ஆரம்பித்ததல்ல. 1993 மார்ச்சில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியில் இருந்த சைமன் கிங் என்பவர் தொடங்கியது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவனுக்கு டெஸ்ட் மேட்ச் ஸ்கோர் தெரிய வழியே கிடையாது. அங்கே டிவியிலும் கிரிக்கெட் இல்லை, பேப்பரிலும் இல்லை. இன்டர்நெட் அரட்டை அறைகளில் ஒருத்தர் ஸ்கோர் கேட்க, மேட்ச் பார்க்க வாய்த்த இன்னொருத்தர் சொல்வார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது.

உலகம் முழுக்க இருந்த ரசிகர்கள் சம்பளம் வாங்காமல் நேரலை ஸ்கோரைத் தட்டச்சு செய்தார்கள். பழைய மேட்ச்களின் ஸ்கோர்கார்டுகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து ஏற்றினார்கள். அதன் இணை நிறுவனர்களில் ஒருவர் நம்ம பத்ரி சேஷாத்ரி. அப்போது அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். பிறகு 2004-ல் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவரும் அவரே.

சரி, இதில் நம்ம ஐந்து பேருக்கு என்ன பாடம்? மூன்று விஷயம் சொல்லலாம்.

ஒன்று, தேவை அவர்களுடையது. ஸ்கோர் வேண்டும் என்று தவித்தவர்களே ஸ்கோர் போட்டார்கள். "இணையதளம் வளரணும்" என்பதற்காக யாரும் ராத்திரி கண்விழித்து உட்கார மாட்டார்கள். "எனக்கே இது தெரிஞ்சாகணும்" என்றால் உட்காருவார்கள்.

ரெண்டு, வேலை சின்னச் சின்னத் துண்டாக இருந்தது. ஒரு மேட்ச், ஒரு ஸ்கோர்கார்டு. முடித்தால் முடிந்தது. அடுத்த மாதம் வராவிட்டாலும் அவர் செய்தது வீணாகாது.

மூன்று, செய்தது சேர்ந்துகொண்டே போனது. நேற்றைய செய்தி இன்று பழசு. ஆனால் ஒரு ஸ்கோர்கார்டு இருபது வருஷம் கழித்தும் யாராவது தேடி வந்து பார்ப்பார்கள். செலவுக்கும் முதலீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

காகித மதிப்பு வேற, கையில் வரும் காசு வேற

கதையின் அடுத்த பாகம் நம்ம ஏரியா.

2000-ல் டாட்காம் அலை உச்சத்தில் இருந்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் கிரிக்இன்ஃபோவில் 25 சதவீதப் பங்கை வாங்கியது. அதற்கு ரொக்கம் கொடுக்கவில்லை. சுமார் 3.7 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்தது. அந்தக் கணக்கில் மொத்த கிரிக்இன்ஃபோவின் மதிப்பு சுமார் 15 கோடி டாலர்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. பிறகு என்ன ஆச்சு? சுமார் 2.2 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் ஆரம்ப முதலீட்டாளர்களுக்குப் போனது. மிச்சத்தை விற்றதில் கைக்கு வந்தது சுமார் 60 லட்சம் பவுண்டு மட்டும். அதற்குள் டாட்காம் குமிழி உடைந்துவிட்டது. ஒரு கட்டத்தில் ஒன்பது நாடுகளில் 130 பேர் வேலை பார்த்த நிறுவனத்தால் அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ஆட்குறைப்பு நடந்தது. 2003-ல் விஸ்டன் குழுமம் வாங்கியது. 2007-ல் இஎஸ்பிஎன் வாங்கியது.

அந்தச் சரிவில் போட்டித் தளங்கள் பல மூடப்பட்டன. கிரிக்இன்ஃபோ பிழைத்தது. செலவு குறைவாக இருந்தது ஒரு காரணம். வேறு எங்கும் கிடைக்காத அந்த ஸ்கோர்கார்டுக் களஞ்சியம் இருந்ததால் வாசகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்பது என் கணிப்பில் இன்னொரு காரணம். முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். களஞ்சியம் அப்படியே இருந்தது.

மறுபக்கம்: கூடைப்பந்து ரசிகர்களின் கோபம்

இப்போது கூடைப்பந்துக்கு வருவோம். அமெரிக்காவில் 'எஸ்பி நேஷன்' என்று ஒரு வலையமைப்பு. அந்தச் சமயத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு ரசிகர் தளம், மொத்தம் முந்நூறுக்கும் மேல் இருந்தன. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு ஒன்று, லேக்கர்ஸுக்கு ஒன்று, ஸ்பர்ஸுக்கு ஒன்று என்று போகும். எழுதுபவர்களில் பெரும்பாலோர் ரசிகர்கள். பலருக்குப் பணமே கிடையாது, தளத்தை நிர்வகிப்பவருக்கு மாதம் ஒரு சின்னத் தொகை. ஆனால் மேலே இருந்தது வாக்ஸ் மீடியா என்ற லாப நோக்குள்ள நிறுவனம்.

2017-ல் இது வெடித்தது. ஒரு ஹாக்கி தளத்தை நிர்வகித்த பெண் வழக்குப் போட்டார். வாரம் 30 முதல் 40 மணி நேரம் உழைத்ததாகவும், மாதம் 125 டாலர்தான் கிடைத்ததாகவும் சொன்னார். மாதம் 150 மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு ஒரு டாலர் கூட வரவில்லை. பிறகு கலிஃபோர்னியாவில் ஃப்ரீலான்ஸ் வேலைக்குக் கடுமையான சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் அந்த மாநிலத் தளங்களில் எழுதிய சுமார் 200 பேரின் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது.

இன்னொரு வழக்கும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹஃபிங்டன் போஸ்ட் தளத்தை 2011-ல் ஏஓஎல் 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் இலவசமாக எழுதியவர்கள், "எங்க எழுத்தாலதான் இந்த மதிப்பு வந்துச்சு, எங்களுக்கும் பங்கு வேணும்" என்று வழக்குப் போட்டார்கள். 2012-ல் வழக்கு தள்ளுபடி ஆனது. பணம் கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதினீர்கள், விற்ற பிறகு பங்கு கேட்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

ரெண்டு வழக்கையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். இலவசமாக எழுதுவது யாருக்கும் கசக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து சுமந்ததில் ஒருத்தர் மட்டும் சம்பாதிக்கிறார் என்று தெரிந்த நாளில்தான் கசக்கிறது. கோடி டாலரானாலும் மாதம் மூவாயிரம் ரூபாயானாலும் இந்த மனக்கசப்பு ஒன்றுதான். அன்று அந்த நாலு பேர் அமைதியானதும் இதனால்தான்.

முதல் வேலை: இலவச உழைப்புக்கு விலை போட்டுப் பாருங்கள்

ஒரு பேப்பர் எடுங்கள். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்.

மாதச் சம்பளம் 40,000 ரூபாய். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி. ஒரு மணி நேரத்தின் விலை சுமார் 190 ரூபாய்.

- ஐந்து பேர், ஆளுக்கு வாரம் 6 மணி நேரம், 52 வாரம்: 1,560 மணி நேரம்
- மணிக்கு 190 ரூபாய் வீதம் உழைப்பின் மதிப்பு: 2,96,400 ரூபாய்
- விளம்பர வருமானம், மாதம் 3,000 வீதம்: 36,000 ரூபாய்
- டொமைன், ஹோஸ்டிங் செலவு: 8,000 ரூபாய்
- மிச்சம்: 28,000 ரூபாய்

மிச்சத்தை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு வருஷத்துக்கு 5,600 ரூபாய். மணிக் கணக்கில் பார்த்தால் 18 ரூபாய்!

இப்போது யோசிச்சுப் பாருங்க. இந்த 18 ரூபாய்க்காக யாராவது எழுதுவார்களா? மாட்டார்கள். ஆனால் அதைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதுவரை ஆசையாகச் செய்தது ஒரு வேலையாக மாறும். அதுவும் ரொம்ப மோசமான சம்பளம் உள்ள வேலை. "அவன் ரெண்டு கட்டுரைதான் போட்டான், அவனுக்கும் எனக்கும் ஒரே பங்கா?" என்ற பேச்சு அடுத்த மாதமே வந்துவிடும்.

அதனால் வருமானம் சின்னதாக இருக்கும் வரை அதைப் பிரிக்காதீர்கள். எழுதுபவர்களின் சுமையைக் குறைக்கும் செலவுக்கு வையுங்கள். போட்டி பார்க்கப் போகிறவருக்கு பஸ் செலவு, சாப்பாடு. பிழை திருத்த ஒரு கல்லூரி மாணவருக்கு மாதம் ஒரு தொகை. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஊரில் கூடி ஒரு மேட்ச், ஒரு சாப்பாடு. 28,000 ரூபாய் சம்பளமாகப் போனால் ஒன்றுமே இல்லை. இப்படிப் போனால் பெரிய தொகை.

அந்த 2,96,400 ரூபாயை மட்டும் மறக்காதீர்கள். எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் அது வராது. ஆனால் உங்கள் தளத்தின் உண்மையான மூலதனம் அதுதான். யார் எவ்வளவு நேரம் போட்டார்கள் என்று ஒரு எக்செல் ஷீட்டில் மாதாமாதம் குறித்து வையுங்கள். ஹோஸ்டிங்குக்குக் கைக்காசு போட்டவர் யார் என்பதையும் எழுதுங்கள். நாளை தளம் வளர்ந்தால் பேசுவதற்கு அந்த ஷீட் இருக்கும்.

ரெண்டாவது வேலை: நேரத்துக்கு பட்ஜெட்

சம்பளம் வந்ததும் வாடகை, இஎம்ஐ, சேமிப்பு என்று பிரிக்கச் சொல்கிறோம் இல்லையா? அதே மாதிரி நேரத்தையும் பிரிக்க வேண்டும்.

என்பிஏவில் 30 அணிகள். ஒரு அணிக்கு வழக்கமான சீசனில் 82 ஆட்டங்கள், மொத்தம் 1,230. ஒரு ஆட்டம் பார்க்க ரெண்டரை மணி நேரம், எழுத ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் நாலு மணி. எல்லா ஆட்டத்தையும் எழுத 4,920 மணி நேரம் வேண்டும். கனவில்கூட முடியாது. பெரும்பாலான ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையிலும் காலையிலும்தான் நடக்கின்றன. ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் யார் எழுதுவது?

ஆரம்ப ஜோரில் வாரம் 6 மணி நேரம் போடுவார்கள். ஒரு வருஷம் கழித்து வாரம் 2 மணி என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். அப்படியானால் ஐந்து பேருக்கு வருஷம் 520 மணி நேரம். இதில் ஒரே ஒரு அணியின் 82 ஆட்டங்களுக்கே 328 மணி நேரம் போய்விடும். மிச்சம் 192 மணி. வாரத்துக்கு மூன்றே முக்கால் மணி நேரம் கூடத் தேறாது.

இந்தக் கணக்கைப் போடாமல் "டெய்லி அப்டேட்" என்று அறிவித்துவிடுவதால்தான் ஆட்கள் ஓடுகிறார்கள். சம்பளத்தை மீறி இஎம்ஐ எடுத்தவன் நிலைமைதான். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள், பட்ஜெட்டைப் பாருங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்:

- நாலு மணி நேர வேலையோடு 20 நிமிட வேலைகளையும் வையுங்கள். ஒரு அட்டவணை சரிபார்ப்பது, ஒரு வீரரின் விவரம் சேர்ப்பது, ஒரு படத்துக்கு விளக்கம் எழுதுவது. புதுசாக வருபவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான்.
- யாருக்கு எந்த மாதம் நெருக்கடி என்று வருஷ ஆரம்பத்திலேயே கேளுங்கள். ஆடிட் ஆபீசில் இருப்பவரை செப்டம்பரில் தொடாதீர்கள். பேங்கில் இருப்பவரை மார்ச்சில் விட்டுவிடுங்கள்.
- மூன்று மாதம் எழுதியவருக்கு ஒரு மாதம் கட்டாய விடுமுறை. "லீவு" என்று சொல்லிப் போனவர் திரும்பி வருவார். குற்ற உணர்ச்சியோடு ஒதுங்கினவர் வரமாட்டார்.
- ஆறு கட்டுரையாவது எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். நாம் சொல்லும் எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரிதான்.

மூன்றாவது வேலை: அருவியை நம்பாமல் நீர்த்தேக்கம் கட்டுங்கள்

எங்க பக்கத்து ஆட்களுக்கு இது நல்லாப் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்தால் அய்யனார் கோவில் ஆறு பொங்கி வரும். மழை நின்று கொஞ்ச நாளானால் பாறைதான் மிஞ்சும். ஆனால் ராஜபாளையம் வருஷம் பூராவும் தண்ணீர் குடிக்கிறது. காரணம், ஓடி வருவதைப் பிடித்து வைக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம்.

தன்னார்வலர்களின் உற்சாகமும் அந்த ஆறு மாதிரிதான். சீசன் ஆரம்பத்தில் பொங்கும். ஜூனில் இறுதிப்போட்டி முடிந்ததும் வற்றும். வற்றுவதைத் தடுக்க முடியாது. பொங்கும்போது பிடித்து வைப்பதுதான் நம்ம கையில் இருக்கிறது.

எதைப் பிடித்து வைப்பது? என்பிஏ செய்தியை உலகத்தில் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். நம்ம ஊர் கூடைப்பந்தை யார் எழுதுவது? பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷமாக அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. ராஜபாளையத்திலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரம்தான். கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை நடக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் அணி இந்த மாதிரிப் போட்டிகளில் ஆடும் பெரிய அணி. ஒவ்வொரு வருஷமும் யார் ஜெயித்தார்கள், இறுதிப்போட்டி ஸ்கோர் என்ன, யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள்? பழைய பேப்பர் கட்டிங், அமைப்பாளர்கள் வைத்திருக்கும் ஸ்கோர் ஷீட், ஆடியவர்களின் நினைவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தளம் இதை வரிசையாகத் தொகுத்தால், அது கிரிக்இன்ஃபோ செய்த வேலையின் சின்னத் தமிழ் வடிவம்.

அதே மாதிரி, இந்திய அணியின் கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரை பற்றி முழுமையான ஒரு கட்டுரை. 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி தேர்வு செய்த சத்னம் சிங்கின் கதை. ஃபவுல் விதிகளைத் தமிழில் விளக்கும் ஒரு பாடம். இதையெல்லாம் ஒருமுறை நன்றாக எழுதிவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை திருத்தினால் போதும். "புதுசா வெச்சிருக்கிறது" என்றால் தினமும் புதுசு போடுவது மட்டும் இல்லை. பழசைச் சரியாக வைத்திருப்பதும்தான்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. சம்பளம் வாங்காத ஆட்களால்தான். அங்கே யார் விட்டுப் போனாலும் எழுதியது நிற்கிறது, அடுத்தவர் அதன் மேல் கட்டுகிறார். தனி ஒருவர் அதை விற்றுப் பணம் பார்க்க முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

நாலாவது வேலை: எழுதியது யாருக்குச் சொந்தம்?

இது பலருக்கும் தெரியாத விஷயம். கவனமாகப் படியுங்கள்.

1957-ம் வருட காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது அந்த வேலையின் பகுதியாக எழுதியது மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். உங்கள் தளத்தில் இலவசமாக எழுதுபவர் ஊழியர் இல்லை. அதனால் அவர் எழுதியது அவருக்கே சொந்தம். நாளை கோபத்தில் "என் கட்டுரை எல்லாத்தையும் எடு" என்றால், எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

உரிமையை மாற்றிக் கொடுக்க வாய்வார்த்தை போதாது. எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

என் ஆலோசனை: உரிமையை முழுசாகக் கேட்காதீர்கள், அனுமதி மட்டும் வாங்குங்கள். "கட்டுரை என்னுடையது. இந்தத் தளம் அதை என் பெயரோடு நிரந்தரமாக வைத்திருக்கலாம், திருத்தலாம். நானும் வேறு இடத்தில் வெளியிடலாம்." இந்த மூன்று வரி போதும். எழுதுபவருக்கும் மரியாதை, தளத்துக்கும் பாதுகாப்பு.

ஐந்தாவது வேலை: காசு வந்தால் வரியும் வரும்

விளம்பரக் கணக்கு யார் பான் எண்ணில் இருக்கிறதோ, வருமானம் அவர் பெயரில்தான் பதிவாகும். மற்ற நாலு பேருக்கும் ஜிபேயில் பிரித்து அனுப்பிவிட்டால் வரி தானாகப் பிரிந்துவிடாது. ஏன் அனுப்பினீர்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். அதனால்:

- தளத்துக்குத் தனி பேங்க் கணக்கு வையுங்கள். சம்பளக் கணக்கோடு கலக்காதீர்கள்.
- தொடர்ந்து வரும் விளம்பர வருமானம் பொதுவாகத் தொழில் வருமானம். அது இருந்தால் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் செல்லாது. ஹோஸ்டிங், பயணம் போன்ற செலவு ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.
- டிடிஎஸ் போக வருஷத்துக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும்.
- சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருஷம் 20 லட்சம் ரூபாய். நம்ம அளவுக்கு இப்போதைக்குக் கவலை இல்லை.

ரொம்ப முக்கியமான ஒன்று. "லாபத்தைச் சமமாப் பிரிச்சுக்குவோம்" என்று வாயால் ஒத்துக்கொண்டு சேர்ந்து தொழில் நடத்தினாலே, 1932-ம் வருட கூட்டாண்மைச் சட்டப்படி நீங்கள் பார்ட்னர்கள் ஆகிவிடலாம். பத்திரம் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. பார்ட்னர் என்றால் லாபத்தில் மட்டும் பங்கு இல்லை. கடனிலும் வழக்கிலும் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. யாரோ ஒருத்தர் அனுமதி இல்லாத படத்தைப் போட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தால், அது ஐந்து பேர் வீட்டுக்கும் வரும்.

எனவே முதலிலேயே முடிவு செய்யுங்கள். லாபம் நோக்கமில்லை என்றால் சங்கமாகப் பதியலாம். தமிழ்நாட்டில் அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அல்லது டிரஸ்ட் ஆக்கலாம். தொழிலாக்கும் எண்ணம் இருந்தால் எல்எல்பி பாருங்கள், பொறுப்புக்கு ஒரு எல்லை இருக்கும்.

உங்கள் ஆபீஸ் ஆஃபர் லெட்டரையும் எடுத்துப் படியுங்கள்

2022-ல் விப்ரோ, போட்டி நிறுவனங்களிலும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியது நினைவிருக்கும். கூடைப்பந்து பற்றி எழுதுவது அந்த ரகம் இல்லைதான். ஆனாலும் பல ஆஃபர் லெட்டரில் "முன் அனுமதி இல்லாமல் வேறு வருமானம் தரும் வேலை செய்யக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். காசு வர ஆரம்பிக்கும் முன்பே ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் தளத்தின் வேலையைச் செய்யாதீர்கள். அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகள் இன்னும் கடுமை, துறையைக் கேட்காமல் விளம்பர வருமானத்தில் கை வைக்க வேண்டாம்.

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

எல்லாவற்றையும் சுருக்கி ஒரு பக்கத்தில் இந்த ஏழு கேள்விக்குப் பதில் எழுதி, ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் பாஷை வேண்டாம், நம்ம பேச்சுத் தமிழே போதும்.

1. டொமைன் யார் பெயரில் இருக்கிறது? பாஸ்வேர்டு குறைந்தது ரெண்டு பேரிடம் இருக்கிறதா?
2. கட்டுரை யாருக்குச் சொந்தம்? தளத்துக்கு என்ன அனுமதி?
3. யார் எத்தனை மணி நேரம், எவ்வளவு கைக்காசு போட்டார்கள் என்பதை எங்கே குறிக்கிறோம்?
4. வருஷம் எவ்வளவு ரூபாய் வரும் வரை பிரிக்க மாட்டோம்? அதற்கு மேல் வந்தால் எப்படிப் பிரிப்போம்?
5. வரவு செலவை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும், புதிதாக எழுத வந்தவருக்கும் சேர்த்து, காட்டுவோம்?
6. ஒருத்தர் விலகினால் அவர் பெயர், கட்டுரை, பங்கு என்ன ஆகும்?
7. யாராவது தளத்தை விலைக்குக் கேட்டால் யார் சம்மதம் வேண்டும்? எழுதியவர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஏழாவது கேள்வியைப் பார்த்து சிரிப்பு வரலாம். "நம்ம தளத்தை யாருண்ணே வாங்கப் போறா?" என்பீர்கள். யாரும் வாங்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரு வரி எழுதியதோடு போச்சு. ஹஃபிங்டன் போஸ்ட் வழக்கில் எழுத்தாளர்கள் தோற்றது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

புதுசாக எழுத வருபவர் இந்தப் பக்கத்தைப் படித்தால் என்ன நினைப்பார்? "இங்க என் நேரத்தை யாரோ எண்ணி வைக்கிறாங்க, காசு எங்க போகுதுன்னு தெரியுது, நாளைக்கு நான் விலகினாலும் என் பெயர் இருக்கும்" என்று நினைப்பார். சம்பளம் தர முடியாத இடத்தில் ஒருவரைத் தங்க வைக்க நம்மிடம் இருப்பது இந்த நம்பிக்கை மட்டும்தான். அது இருந்தால் அவர் தானும் எழுதுவார், இன்னொருத்தரையும் கூட்டி வருவார்.

இது கூடைப்பந்துக்கு மட்டும் இல்லை. நண்பர்களோடு யூடியூப் சேனல், சினிமா விமர்சனத் தளம், பாட்காஸ்ட் என்று எது நடத்தினாலும் இதே ஏழு கேள்விதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, டீ வைத்துக்கொண்டு எழுதி முடித்துவிடுங்கள். காசு வருவதற்கு முன்னால் எழுதினால் ஒரு மணி நேரம் போதும். காசு வந்த பிறகு எழுதினால் ஒரு வருஷம் ஆனாலும் முடியாது.

மணிக்கணக்கு குறிக்கும் எக்செல் ஷீட்டை எப்படிப் போடுவது என்று நம்ம சேனலில் அடுத்த வீடியோவில் செய்து காட்டுகிறேன். அங்கே சந்திப்போம்.